குடிக்காதவர் காய்ச்சிய பியர்

1976ஆம் ஆண்டு ஜனவரி மாதம், வெயில் நாற்பதை எட்டிய ஒரு சனிக்கிழமை மத்தியானம், மெல்பேர்ணின் நோபல் பார்க்கில் அரியரத்தினத்தின் கராஜுக்குள் பியர்ப் போத்தல்கள் வெடிக்கத் தொடங்கின. முதலாவது வெடித்தபோது தெருவில் யாருடைய காருக்கோ டயர் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இரண்டாவதுக்கு அடுத்த வீட்டுக் கெவின் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஏழெட்டுக்குப் பிறகு கராஜுக்குக் கிட்டப் போக ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அந்தப் பியர் வந்ததே கெவினால்தான். வீட்டில் பியர் காய்ச்சுவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் சில வருடங்களுக்கு முன்தான் தளர்ந்திருந்தன. அந்தத் தெருவில் மூன்று வீட்டிலாவது லோண்ட்ரியில் ஒரு பிளாஸ்டிக் வாளி நுரைத்துக்கொண்டிருக்கும். கெவின் நத்தார் பண்டிகைக்கு அரியரத்தினத்துக்கு ஒரு வாளியும், முளைவிட்ட பார்லியில் எடுத்த பாகு போன்ற மோல்ட் அடைத்த ரின் ஒன்றும், அதை நுரைக்க வைக்கிற ஈஸ்ற் பொட்டலம் ஒன்றும் பரிசாகக் கொடுத்தார். அரியரத்தினம் வீதிகள் திணைக்களத்தில் வரைபடம் வரைபவர். கோடு போடுவதில் மகா பொறுமைசாலி. பியரில் அந்தப் பொறுமை இருக்கவில்லை. ஒரு கிழமையில் எல்லாவற்றையும் போத்தலில் அடைத்து, மூடி இறுக்கி, கராஜில் அடுக்கிவிட்டார்.

வெயில் தணிந்த பிறகு கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளியவர் அவருடைய மனைவி சந்திரவதனா. ஒரு பெரிய துண்டை எடுத்து மூக்கருகே பிடித்தார். பிறகு உடையாமல் மிஞ்சிய ஒரு போத்தலைத் துணியால் சுற்றி மெல்லத் திறந்து, அதையும் மணந்து பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, ஏன் வெடிச்சது தெரியுமே?"

"வெக்கை."

"வெக்கை மட்டுமில்லை. இதுக்குள்ளை இன்னும் சீனி கிடக்குது. ஈஸ்ற் சீனியைத் திண்டு முடிக்க முந்தி நீங்கள் மூடியைப் போட்டு இறுக்கிப்போட்டியள். அது உள்ளுக்கை இருந்து திண்டிருக்கு. அப்ப காஸ் எங்கை போறது?"

"சரி, இனி உந்தச் சோலி வேண்டாம். வாளியைக் கெவினிட்டைக் குடுப்பம்."

"குடுக்க வேண்டாம். நான் செய்து பாக்கிறன்."

"நீரோ?"

"ஏன், எனக்கு ஏலாதே?"

ஏலாது என்று அரியரத்தினம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லக் கூடாது என்று பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதருக்குத் தெரியும்.

சந்திரவதனா வாழ்நாளில் ஒரு மிடறு பியர் குடித்தவரல்லர். குடிக்க விருப்பமும் இல்லை. ஆனால் பேராதனையில் இரசாயனம் படித்து, கொழும்பில் உணவு ஆய்வுகூடம் ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்தவர். மெல்பேர்ணுக்கு வந்து இப்போது இரண்டு வருடம். ஒரு பாற்பண்ணைத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் உதவியாளர். அவருக்கு மேலே இருந்த இளைஞருக்குப் பட்டம் இல்லை, இவருக்கு இருந்தது. மேலான வேலைக்கு இரண்டு தரம் விண்ணப்பித்தார். இரண்டு தரமும் "உள்ளூர் அனுபவம் போதாது" என்று கடிதம் வந்தது. கடிதங்களை மடித்து வைத்துவிட்டு அடுத்த நாள் வழக்கம்போல வேலைக்குப் போனார். அழவில்லை, புலம்பவுமில்லை. தனக்கு வேலை தெரியும் என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவர்களுக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும், அவ்வளவுதான்.

முதலில் வாளியை வெளியே எறிந்தார். உள்ளே கத்தி கீறிய தடங்கள் இருந்தன. கீறலுக்குள் கிருமி இருக்கும். புதிய வாளி வாங்கினார். குழாய், மூடி, கரண்டி எல்லாவற்றையும் பாற்பண்ணையில் கழுவுகிற அதே ஒழுங்கில் கழுவினார். பியர் எவ்வளவு தூரம் புளித்திருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடிக் குழல் போன்ற மிதக்கும் கருவி ஒன்று விற்றார்கள். அதைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று தினமும் பார்ப்பது இதே மாதிரியான ஒன்றால்தான்.

இரண்டு தரம் சாதாரணப் பியர் காய்ச்சினார். ஒரு போத்தலும் வெடிக்கவில்லை. கெவின் குடித்துவிட்டு, "இது என்னுடையதை விட நல்லது" என்றார். சொன்னபோது அவருடைய முகத்தில் சந்தோசமும் கவலையும் சரிபாதியாக இருந்தன.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். சந்திரவதனாவுக்கு லாகர் காய்ச்ச வேண்டும் என்று வந்துவிட்டது. லாகர் என்பது குளிரில், ஆறுதலாக, மாதக் கணக்கில் ஆகிற பியர். மற்றதைப் போல அவசரத்துக்கு வளையாது. அதுதான் அவருக்குப் பிடித்தது. மெல்பேர்ணின் குளிர்காலத்தில் அவர்களுடைய கராஜ் பத்துப் பன்னிரண்டு பாகையில் நிற்கும். குளிருக்குக் குறைவில்லை. ஆனால் குளிரில் வேலை செய்கிற ஈஸ்ற் ரின்னோடு வருகிற பொட்டலத்தில் இல்லை.

பக்கத்துப் புறநகரான கிளேட்டனில் ஒரு நவராத்திரிக் கொலுவில் அறிமுகமான நரசிம்மன் நினைவுக்கு வந்தார். சென்னைக்காரர், பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிர் ஆராய்ச்சி. வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். சந்திரவதனா தொலைபேசியில் விசயத்தைச் சொன்னார்.

"லாகர் ஈஸ்டா? எதுக்குங்க?"

"பியருக்குத்தான்."

நரசிம்மன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க குடிப்பீங்களா?"

"இல்லை. நீங்கள்?"

"ஐயோ, நானா! தொட்டதே இல்லை."

"அப்ப என்ன, பால் குடிக்காத ஆக்கள் மாடு வளர்க்கிறேல்லையே?"

நரசிம்மன் வாய்விட்டுச் சிரித்தார். "சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கொண்டு வர்றேன். ஆனா என் வீட்டுக்காரிகிட்ட தயிருக்குன்னு சொல்லிடுங்க." வெள்ளிக்கிழமை மேற்சட்டைப் பையில் ஒரு பரிசோதனைக் குழாயோடு வந்து, அதை எப்படிப் பெருக்குவது என்று குசினி மேசையில் இருந்து ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். தேத்தண்ணி மட்டும் குடித்தார்.

முதல் லாகர் ஜூலையில் ஆனது. பொன் நிறம், கண்ணாடி போலத் தெளிவு. அரியரத்தினம் ஒரு கிளாஸ் ஊற்றிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்.

"எப்படி?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கு எண்டால் எனக்கு விளங்காது. என்ன மாதிரி இருக்கு எண்டு சொல்லுங்கோ."

அவர் இன்னொரு வாய் குடித்தார். "ஒரு... இனிப்பு பிஸ்கற் மாதிரி. பட்டர் போட்ட பிஸ்கற்."

சந்திரவதனா கிளாஸை வாங்கி மணந்தார். உடனே நிமிர்ந்தார். அந்த மணம் அவருக்கு நன்றாகத் தெரியும். வெண்ணெய்க்கு வாசம் வரவேண்டும் என்று பாற்பண்ணையில் கிருமி வளர்த்து உண்டாக்குகிற அதே மணம். வெண்ணெயில் இருந்தால் குணம். பியரில் இருந்தால் குற்றம். பாற்பண்ணையில் வெண்ணெயை வாயில் வைத்துப் பார்த்துத் துப்புவது அவருடைய தினசரி வேலை. அன்று அதே மாதிரி ஒரு சொட்டுப் பியரை நாக்கில் வைத்து, மூடிய வாய்க்குள் சுழற்றி, சிங்கில் துப்பினார்.

அரியரத்தினத்துக்கு வாய் பிளந்துவிட்டது. "நீர் இப்ப..."

"குடிக்கேல்லை. பாத்தனான். ரெண்டும் வேறை வேறை."

ஈஸ்ற்தான் இந்த மணத்தை உண்டாக்குகிறது என்றால் அதைத் திருப்பித் தின்னவும் ஈஸ்றுக்கு முடிய வேண்டும். குளிரில் அது சோம்பிப்போய் மிச்சத்தை விட்டுவிட்டது என்று அவர் கணக்குப் போட்டார். அடுத்த தரம் புளிப்பு முடிகிற நேரம் பார்த்து வாளியைக் கராஜிலிருந்து குசினிக்குத் தூக்கிவந்து, இரண்டு நாள் சூட்டில் வைத்து, பிறகு திரும்பக் குளிருக்கு அனுப்பினார். வெண்ணெய் மணம் இருந்த இடம் தெரியவில்லை. தேர்ந்த காய்ச்சுநர்களுக்கு இது பழைய விசயம் என்று பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தார். பரவாயில்லை என்று சொன்னார். தான் கண்டுபிடித்தது சரி என்று ஆகிவிட்டதே.

எலுமிச்சை அடுத்த வருடம் வந்தது. அந்தப் பக்கத்துப் பின்வளவுகளில் எலுமிச்சை மரம் இல்லாத வீடு அருமை. ஆகஸ்டில் மரம் கொள்ளாமல் காய்க்கும். அயலுக்குப் பையில் கட்டி அனுப்பினால் அவர்களும் ஒரு பை திருப்பி அனுப்புவார்கள். ஒருநாள் பியர்ப் போத்தல் கழுவிய கையோடு ஒரு பழத்தை நறுக்கியபோது, கையில் இருந்த மோல்ட் மணமும் பழத்தோலின் மணமும் ஒன்றாக மூக்கில் ஏறின. சந்திரவதனா கையைத் திரும்பத் திரும்ப மணந்து பார்த்தார். இரண்டும் சண்டை பிடிக்கவில்லை.

ஒரு வாளி லாகரை நாலு கண்ணாடிச் சாடிகளில் பிரித்தார். ஒன்றில் சாறு விட்டார்; பியர் புளித்துத் தண்ணீராகிப் போனது. ஒன்றில் தோலை உள்ளே ஒட்டியிருக்கிற வெள்ளைப் பகுதியோடு போட்டார். தொண்டையின் அடியில் போய்க் கசந்தது. ஒன்றில் மஞ்சள் தோலை மட்டும் சீவி, புளிக்கத் தொடங்கும்போதே போட்டார். வாசம் முழுவதும் காஸோடு பறந்துவிட்டது. நாலாவதில் புளிப்பெல்லாம் முடிந்து, பியர் குளிரில் அடங்கிக் கிடக்கும்போது, சீவிய தோலைத் துணியில் கட்டி மூன்று நாள் ஊறவைத்தார். அதைத் திறந்தபோது குசினிக்குள் எலுமிச்சை மரத்தடியில் நிற்பது போல இருந்தது. ஆனால் நுரை நிற்கவில்லை. தோலின் எண்ணெய் நுரையைக் கொல்லுகிறது. தோலைப் பாதியாகக் குறைத்தார். நுரை வந்து நின்றது.

எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினார்: நாள், வெப்பம், தோலின் எடை, எத்தனை மணித்தியாலம், மணம் எப்படி, அரியரத்தினம் என்ன சொன்னார், அவர் சொன்னதை எவ்வளவு தூரம் நம்பலாம்.

கதை தமிழாக்கள் மத்தியிலும் பரவியது. கிளேட்டனில் ஒரு பிறந்தநாள் விருந்தில், மலேசியாவில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று மகனோடு வந்திருந்த ஈஸ்வரமூர்த்தி, எல்லோருக்கும் கேட்கக்கூடியதாகத் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, உங்கட வீட்டிலை நீர்தான் பியர் காய்ச்சிறதாம் எண்டு கேள்விப்பட்டனான். உது ஆம்பிளையளின்ரை வேலையெல்லோ?"

"ஓம் அங்கிள். முதல் ஆம்பிளையளிட்டைத்தான் விட்டனாங்கள். கராஜ் வெடிச்சுப் போச்சு."

சிரிப்பு அடங்க நேரமெடுத்தது. எல்லோரிலும் கூடுதலாகச் சிரித்தவர் அரியரத்தினம். ஈஸ்வரமூர்த்தி தானும் சிரித்துவிட்டு, வடையை எடுத்துக்கொண்டு வேறு கதைக்குப் போனார்.

போட்டி விசயத்தைக் கொண்டுவந்தவர் கெவின். வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். முப்பது நாற்பது பேர். மாதம் ஒருமுறை ஸ்பிரிங்வேல் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். 1977 அக்டோபரில் போட்டி. லாகர்ப் பிரிவில் 'ச. அரியரத்தினம்' என்ற பெயரில் எலுமிச்சை லாகர் ஆறு போத்தல் போனது.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். சந்திரவதனா நீலச் சேலையும் கம்பளிச் சட்டையுமாக வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். சங்கச் செயலாளர் வந்து, மனைவிமாருக்குப் பின்னறையில் தேத்தண்ணி இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். "நன்றி, நான் போட்டிக்கு வந்திருக்கிறேன்" என்று சந்திரவதனா ஆங்கிலத்தில் சொன்னார். செயலாளர் அரியரத்தினத்தைப் பார்த்தார். அரியரத்தினம் மனைவியைக் கையால் காட்டினார்.

நடுவர் லெஸ் என்பவர். பியர்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர், நாக்குக்குப் பெயர்போனவர், குறைவாகப் பேசுபவர். முடிவுகள் வந்தபோது எலுமிச்சை லாகருக்குப் பரிசு இல்லை. புள்ளித்தாளில் இரண்டு வரி எழுதியிருந்தது: லாகரில் பழம் சேர்க்க விதியில் இடமில்லை. குறை ஏதோ இருப்பதை மறைக்க எலுமிச்சை போடப்பட்டிருக்கிறது.

சந்திரவதனா தாளை இரண்டு தரம் வாசித்துவிட்டு எழுந்தார்.

"விடும், வதனா," என்றார் அரியரத்தினம் மெதுவாக. "விளையாட்டுப் போட்டிதானே."

"முதல் வரியை விடுறன். ரெண்டாவது வரியை விடேலாது."

நேரே லெஸ்ஸின் மேசைக்குப் போனார்.

"விதி விதிதான், ஏற்றுக்கொள்கிறேன்," என்றார். "வாசித்துப் பார்க்காமல் அனுப்பியது என் பிழை. ஆனால் குறையை மறைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன குறை?"

லெஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அதுதான் தெரியவில்லை. எலுமிச்சை மறைக்கிறதே. முப்பது வருடமாகப் பார்க்கிறேன், அம்மா. பழம் போடுகிறவர்கள் எல்லோரும் எதையோ மூடத்தான் போடுகிறார்கள்."

"அதே வாளியில் பாதிக்கு எலுமிச்சை போட்டேன். மற்றப் பாதிக்குப் போடவில்லை. அதுவும் காரில் இருக்கிறது. குடித்துப் பாருங்கள்."

"ஏன் அதையும் கொண்டு வந்தீர்கள்?"

"ஒப்பிட ஒன்று இல்லாமல் நான் எதையும் செய்வதில்லை. என் தொழில் அது."

அரியரத்தினம் ஏற்கெனவே காருக்குப் போய்க்கொண்டிருந்தார். ஐஸ் பெட்டியிலிருந்து போத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்தார். லெஸ் திறந்தார். ஊற்றினார். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மணந்தார். ஒரு வாய் எடுத்தார், பிறகு இன்னொன்று. சுற்றிவர இருபது பேர் நின்றார்கள். சந்திரவதனா கையைக் கட்டிக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தபடி நின்றார். அந்தப் போத்தலுக்குள் இருப்பது என்னவென்று அந்த மண்டபத்தில் தன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் ஒருவருமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

லெஸ் கிளாஸை வைத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, புள்ளித்தாளின் இரண்டாவது வரியை நேராக வெட்டினார். பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார்.

"இதைச் சமர்ப்பித்திருந்தால் முதற்பரிசு," என்றார். "வெண்ணெய் மணத்தை எப்படிப் போக்கினீர்கள்? இங்கே பாதிப் பேருக்கு அதுதான் தலையிடி."

"சொல்லலாம். கொஞ்சம் நேரம் எடுக்கும்."

அடுத்த மாதக் கூட்டத்தில் நேரம் தந்தார்கள். சந்திரவதனா கரும்பலகையில் வாளி ஒன்றையும் வெப்பக் கோடு ஒன்றையும் வரைந்து முக்கால் மணித்தியாலம் பேசினார். வரைபடம் அழகாக இல்லை என்று அரியரத்தினம் எழுந்துபோய்க் கோட்டை நேராக்கிக் கொடுத்தார். முப்பது ஆண்கள் குனிந்து எழுதினார்கள். கேள்வி நேரத்தில் ஒருவர், "குடிக்காமல் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "குடித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் நான் இங்கே நிற்க மாட்டேனே" என்று பதில் சொன்னார். மேசையில் தட்டிச் சிரித்தார்கள்.

1978 மார்ச்சில், பேக்கரிகளுக்கு ஈஸ்ற் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று ஆய்வுகூடத்துக்கு இரசாயனவியலாளர் தேவை என்று விளம்பரம் போட்டது. நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டாவது கேள்வியே, நுரைத்துப் புளிக்கிற தயாரிப்பில் உள்ளூர் அனுபவம் உண்டா என்பது. சந்திரவதனா கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார்.

"இரண்டு வருடம். என் கராஜில். இருபத்திமூன்று தரம்."

நடுவில் இருந்தவர் புரட்டிப் பார்க்கத் தொடங்கினார். முதலில் சிரித்தபடி புரட்டினார். நாலைந்து பக்கத்துக்குப் பிறகு சிரிப்பை விட்டுவிட்டு வாசித்தார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, அந்த வெப்பநிலையை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகு நேர்முகம் இல்லை. இரண்டு பேர் வேலையைப் பற்றிக் கதைத்த கதைதான். பதினைந்து நாளில் வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இந்த முறை அதை மடித்து வைக்கவில்லை. வாசலில் நின்றே உடைத்து, சத்தமாக வாசித்து, வேலியடியில் நின்ற கெவினுக்கும் ஒருதரம் வாசித்துக் காட்டினார்.

சங்கம் அந்த வருடம் பழம், வாசனை சேர்த்த பியருக்கென்று தனிப்பிரிவு வைத்தது. லெஸ்ஸும் சந்திரவதனாவும் நடுவர்கள். இருவருக்கும் நடுவில் துப்புவதற்கு ஒரு வாளி வைக்கச் சொன்னவர் சந்திரவதனா. முதல் மணித்தியாலம் அதைப் பார்த்து முகம் சுளித்த லெஸ், இரண்டாவது மணித்தியாலத்தில் தானும் துப்பத் தொடங்கினார். பன்னிரண்டு போத்தல். ஒருவர் தோடம்பழம் போட்டிருந்தார், ஒருவர் இஞ்சி. எட்டாவதை மணந்ததும் சந்திரவதனா தாளை இழுத்து, தெளிவான எழுத்தில் எழுதினார்: பழம் நல்லது, ஈஸ்ற் நல்லது, குழாய் அழுக்கு. கழுவிவிட்டு அடுத்த வருடம் திரும்ப வாருங்கள்.